மலைப் புல்லும் மஞ்சள் வயலும்

நீலகிரியில் பைக்காராவை அடுத்த கிளென்மார்கனில், உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1968-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அருகருகே இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றும் 30 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். இரண்டிலும் மேட்டில் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு, அடியில் சதுப்பு. இரண்டிலிருந்தும் வெளியேறும் ஓடைகளின் வாயில் தண்ணீரை அளக்கும் அமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். முதல் சில ஆண்டுகள் எதையும் தொடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். 1972-இல் ஒரு பள்ளத்தாக்கை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரக் கன்றுகளை நட்டார்கள். நீலகிரித் தைலம் காய்ச்சுவது இந்த மரத்தின் இலையிலிருந்துதான். சமவெளியில் நாம் தைல மரம் என்று அழைப்பதன் மலைப் பங்காளி இது.

பத்து ஆண்டுகள் கழிந்தன. மரம் நட்ட பள்ளத்தாக்கின் ஓடையில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. மரங்களை வெட்டினார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. அடிபட்டது மழைக்கால வெள்ளம் மட்டுமல்ல. மழை நின்ற பிறகு மண்ணுக்குள்ளிருந்து ஊறி வரும் கசிவு நீரும் குறைந்தது. இரண்டு பள்ளத்தாக்குகளிலும் பெய்த மழை ஒன்றுதான். மாறியது நிலத்தின் மேலிருந்த தாவரம்.

இந்தச் சோதனை தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில், இயற்கைத் தாவரங்கள் மனிதருக்கு ஏன் தேவை என்று கேட்டால் நம்மிடம் தயாராக இருக்கும் விடைகள் மரத்தைச் சுற்றியே வருகின்றன: நிழல், பிராணவாயு, மழை, மருந்து. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். அந்த வாசகத்தின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கிளென்மார்கனில் மரம் கூடியது, தண்ணீர் குறைந்தது. மனித வாழ்வைத் தாங்குவது பொதுவான பசுமை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தாங்குவது, ஓரிடத்தின் மண்ணும் மழையும் குளிரும் பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்ந்து உருவாக்கிய அந்த இடத்துக்கே உரிய தாவரக் கூட்டம். அதை எடுத்துவிட்டு வேறொரு பச்சையை வைத்தால், பார்வைக்கு இடம் நிறைந்திருக்கும், வேலை நடக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேல் இந்தத் தாவரக் கூட்டம் தொடங்குகிறது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகிய மூன்றிலும் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் மலை முழுக்கப் புல். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் கரும்பச்சையாகச் சோலைகள். சோலை மரங்கள் உயரமானவை அல்ல. கிளைகள் முறுக்கேறி, பட்டை முழுதும் பாசியும் ஆர்க்கிடுகளும் ஒட்டி, உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கூரைபோல நிற்கும். நாவல் இனங்களும் காட்டு இலவங்கமும் மலைச் சண்பகமும் அங்கே உண்டு. சோலை ஓரங்களிலும் புல்வெளியின் நடுவிலும் தனித்தனியாக நிற்கும் காட்டுப்பூவரசு குளிர்காலத்தில் செந்நிறத்தில் பூக்கும்.

புல்வெளியைக் காரில் கடந்து போகிறவர்களுக்கு அது வெறும் புல். இறங்கி மண்டியிட்டுப் பார்த்தால்தான் அது எத்தனை அடர்த்தியான உலகம் என்பது விளங்கும். புல் தனித்தனி இழையாக நிற்பதில்லை. முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகக் குடம்போல் பருத்து நிற்கிறது. ஒரு கொத்தின் அடியைக் கையால் விலக்கினால் போன ஆண்டின் தாளும் அதற்கு முந்தைய ஆண்டின் தாளும் பாதி மக்கிய நிலையில் அடுக்கடுக்காகக் கிடக்கும். விரலை உள்ளே விட்டால் ஈரம் தட்டும். அதற்குக் கீழே மண் கறுப்பாக இருக்கும். குளிரால் மக்கும் வேகம் குறைந்து, உயிர்ப்பொருள் மிகுதியாகத் தங்கிவிட்ட மண் அது. கொத்துகளுக்கு இடையில் சிறு நீலப் பூக்களும் தரையோடு படர்ந்த ஆர்க்கிடுகளும் குறிஞ்சிப் புதர்களும் இருக்கும். 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தப் புல்வெளியின் செடிதான். 2018-இல் பெருவாரியாகப் பூத்தது.

சரிவின் அடியில் சதுப்பு இருக்கும். கால் வைத்தால் தரை மெல்ல அசையும். சற்றுத் தள்ளி நிற்கும் புல்லும் சேர்ந்து ஆடும். பாசியும் கோரையும் மக்கி மக்கி, அழுகி முடியாமல் ஆண்டாண்டாகத் திரண்ட கரிய சேறு அது. மழைக்காலத்தில் மேட்டுப் புல்வெளி உறிஞ்சிய நீர் மண்ணுக்குள்ளேயே மெல்ல இறங்கி இந்தச் சதுப்புக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து ஓர் ஓரத்தில், கையளவு அகலத்தில், தெளிந்த ஓடையாகக் கசிகிறது. பிப்ரவரி மாதத்தில் அந்த ஓடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதுதான் இந்த நிலத்தைப் புரிந்துகொள்வதற்கான வழி. மழை நின்று வாரக்கணக்கில் ஆகியிருக்கும். உறைபனியில் கருகிப் புல்வெளி முழுதும் பழுப்பேறியிருக்கும். அப்போதும் ஓடை நிற்பதில்லை.

இதில்தான் கிளென்மார்கன் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறும்போது மலைப் புல் காய்ந்து ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்ந்திருக்கும் புல் நிலத்தடி ஈரத்தை அதிகம் எடுப்பதில்லை. மண்ணில் சேர்ந்த நீரில் பெரும்பகுதி ஓடைக்கு மிச்சமாகிறது. கற்பூர மரத்துக்கு ஓய்வு இல்லை. ஆண்டு முழுதும் இலை தாங்கி, ஆழ வேர் இறக்கி, கோடையிலும் நீரை இழுத்து இலை வழியே காற்றில் விடுகிறது. மழை பெய்யும்போதும் அதன் உயர்ந்த விதானம் ஒரு பங்கைத் தரைக்கு விடாமல் தாங்கி ஆவியாக்கிவிடுகிறது. ஆகவே மலை பழுப்பாகத் தெரியும் மாதங்களில்தான் புல் நமக்கு மிகப் பெரிய உபகாரம் செய்கிறது. அதே மாதங்களில் பச்சைப் பசேலென்று நிற்கும் அயல் மரம் நம் தண்ணீரைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த மலையில் நம்மை முற்றாகத் தவறான பக்கம் இழுத்துச் சென்றுவிட்டது.

இத்தனை மழை பெய்யும் மலையில் ஏன் காடு மூடவில்லை? இந்தக் கேள்வி தாவரவியலாளர்களை நெடுநாள் பிரித்து வைத்திருந்தது. 1938-இல் சி. ஆர். ரங்கநாதன் ஒரு விளக்கம் தந்தார். திறந்த வெளியில் விழும் உறைபனியைச் சோலை மர நாற்றுகளால் தாங்க முடிவதில்லை. மடிப்புகளில் ஒதுங்கியவை மட்டும் பிழைக்கின்றன என்றார் அவர். மறுதரப்பு, மனிதர் தீ வைத்தும் மாடு மேய்த்தும் காட்டை அழித்ததால் வந்த புல் இது என்றது. இந்த வாதம் ஏட்டோடு நின்றிருந்தால் கவலையில்லை. புல்வெளி என்பது அழிந்த காடு என்று நம்புகிறவர், அதில் மரம் நடுவதைத் தொண்டாக நினைப்பார். நட்டவர்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

விடை சதுப்பின் கரிய சேற்றுக்குள் இருந்தது. மரங்களும் வெப்ப மண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு வேறு. எந்தத் தாவரம் மக்கிய சேறு என்பது அதிலுள்ள கரியின் இரு வகை அணுக்களின் விகிதத்தில் பதிந்துவிடுகிறது. நீலகிரிச் சதுப்புகளைத் துளைத்தெடுத்த சேற்றை ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் இப்படிப் படித்து, முடிவுகளை 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியூழியின் உச்சத்தில் குளிர்ந்தும் வறண்டும் கிடந்தபோது, இந்த மலையில் புல் ஆதிக்கம் செலுத்தியிருக்கிறது. ஈரம் கூடிய காலத்தில் மரத் தாவரங்கள் பரவின. மீண்டும் வறண்டபோது புல் விரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு இத்தனை ஆயிரம் ஆண்டு வாழ்ந்திருக்கின்றன. யாரும் இங்கே காட்டை வெட்டிப் புல்லை உண்டாக்கவில்லை. தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் அதன் எல்லைகளைப் பாதித்திருக்கும். ஆனால் புல்வெளி இந்த மலையின் பூர்வ குடி.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியபோது அந்தப் புல்வெளியில் தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயருக்கு அது தம் ஊர் மேடுகளை நினைவூட்டியது. ஆனால் வருவாய்க் கணக்கில் அது தரிசு. உதகை வளர்ந்தபோது குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விறகுப் பஞ்சம் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1840-களிலேயே கற்பூர மரமும் சீகை மரமும் உதகையைச் சுற்றி வேர்விட்டுவிட்டன. இங்கே சீகை என்று சொல்வது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடியை அல்ல. மஞ்சள் பூப் பூக்கும் வாட்டில் மரத்தை. அன்றைய அவசரத்தில் அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருந்ததை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்நிய மரம் விறகு கொடுத்திராவிட்டால் எஞ்சிய சோலைகளும் அடுப்புக்குப் போயிருக்கும். பெரும் அழிவு வந்தது அதற்குப் பிறகு, நம் சொந்த ஆட்சியில்.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்குத் தொழில் வேண்டியிருந்தது. சீகை மரத்தின் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் ஆலைகளுக்கு அது தேவைப்பட்டது. கற்பூர மரக் கூழ் ரேயான் இழைக்குப் பயன்பட்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் அதற்கென ஆலை வந்தது. வனத்துறை ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியில் வரிசை வரிசையாக நட்டது. இலங்கையிலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு கொடுக்க, 1960-களின் பிற்பகுதியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிக் காடுகளைத் திருத்தியது. அந்தக் குடும்பங்களுக்கு நாடு கடன்பட்டிருந்தது; அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் கடன் அடைக்கப்பட்டது மலையின் கணக்கிலிருந்து என்பதும் உண்மை. மின்சாரத்துக்காகப் பள்ளத்தாக்குகள் நீர்த்தேக்கங்களாயின. சதுப்புகளில் வடிகால் வெட்டிக் காரட்டும் உருளைக்கிழங்கும் போட்டார்கள்.

1980-களின் இறுதியில் புல்வெளியில் நடுவது நின்றது. ஆனால் நட்ட மரம் அதோடு நிற்கவில்லை. சீகை தானாகவே பரவத் தொடங்கியது.

எவ்வளவு போயிற்று என்பதற்குப் பழனிமலை ஆய்வு ஒன்று துல்லியமான விடை தருகிறது. 1973-இலும் 2014-இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்தது அது. கொடைக்கானலைச் சூழ்ந்த அந்த மலை உச்சியில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்திருக்கிறது. சோலைகளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டன. அந்த இடத்தைப் பெரும்பாலும் அயல் மரத் தோட்டங்களும் விவசாயமும் பிடித்திருக்கின்றன.

இத்தனை பெரிய இழப்பு நாட்டின் கணக்கில் இழப்பாகவே வருவதில்லை என்பது எனக்கு உறக்கம் கெடுக்கும் செய்தி. இந்திய வன அளவைத் துறையின் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானம் 10 சதவீதம் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம், இயற்கையா நட்டதா என்ற கேள்வி இல்லை. கற்பூரத் தோட்டம் அதில் வனம். 20,000 ஆண்டுப் புல்வெளியில் மரம் இல்லை. ஆகவே அது வனமல்ல. புல்வெளி போய்ச் சீகை வந்த ஒவ்வொரு ஹெக்டேரும் அந்த அறிக்கையில் வனப்பரப்புக் கூடியதாகவே பதிவாகும்.

மலையில் நடந்தது மலையோடு நிற்பதில்லை. அப்பர் பவானி பகுதியில் பிறக்கும் பவானி ஆறு கேரளத்தின் அட்டப்பாடிக்குள் இறங்கி, முக்காலியில் திரும்பி மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதன் நீரைக் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பல லட்சம் பேர் குடிக்கிறார்கள். திருப்பூரின் பனியன் தொழிலாளி காலையில் பிடிக்கும் குடத்துக்கும் 2,000 மீட்டர் உயரத்துப் புல் கொத்துக்கும் உறவு இருக்கிறது. பைக்காரா ஆறு 1932 முதல் மின்சாரம் தருகிறது. அதன் நீரே மோயாறாகப் பாய்ந்து பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. 1955-இல் கட்டி முடித்த அந்த அணை, கீழ்பவானி வாய்க்கால் வழியே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. கொடிவேரியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. பவானி காவிரியோடு சேருமுன் 13-ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் வாய்க்கால். ஈரோட்டு மஞ்சள் இந்த நீரில் விளைவது.

கொங்கு நாட்டு விவசாயி ஒவ்வொரு ஆண்டும் அணை மட்டம் எத்தனை அடி என்று செய்தித்தாளில் பார்ப்பார். 105 அடி முழு மட்டத்தில் எவ்வளவு இருக்கிறது, இந்த முறை நன்செய்க்கா புன்செய்க்கா, எப்போது திறப்பார்கள், எத்தனை நாள் விடுவார்கள் என்பது டீக்கடைப் பேச்சு. தண்ணீர் பற்றாக்குறையானால் பழைய ஆயக்கட்டுக்கும் புதிய ஆயக்கட்டுக்கும் இடையில் மனத்தாங்கல் வரும், வழக்கு நடக்கும். எல்லாரும் வானத்தையும் அரசாங்கத்தையும் பார்க்கிறார்கள். அணைக்கு மேலே நீர்பிடிப்பு மலையில் எந்தத் தாவரம் நிற்கிறது என்று கேட்பவர் அரிது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் அளந்த 16 சதவீதத்தையும் 25 சதவீதத்தையும் அப்படியே முழு ஆற்றுக்கும் பெருக்கிச் சொல்வது பிழையாகும். பவானிக்கு அட்டப்பாடியிலிருந்தும் பிற சரிவுகளிலிருந்தும் நீர் வருகிறது. ஆனால் திசை எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கோடையில் வரும் கசிவு நீர், மழைக்காலத்து வெள்ளத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அதை விளைவிப்பது புல்லும் சதுப்பும்.

தோடர்களிடம் போனால் இந்த உறவு இன்னும் நேரடியானது. அவர்களுடைய கோயில்கள் சில பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கவிழ்த்தாற்போல் வளைந்த கூரையுடையவை. கூரை வேய்வதற்குச் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். நீலகிரி தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காத புல் அது. கூரையைப் புதுப்பிக்கும் காலத்தில் அவர்களுடைய குடியிருப்புகளான மந்துகளிலிருந்து ஆண்கள் கூடிப் போய் அதைக் கட்டுக் கட்டாக அறுத்து வருவார்கள். முன்பு மந்துக்குப் பக்கத்திலேயே கிடைத்ததற்கு இப்போது தொலைதூரம் போக வேண்டியிருக்கிறது. சதுப்புகள் பல காய்கறித் தோட்டங்களாகிவிட்டன. எருமைக்கு மேய்ச்சல் இல்லை. எருமை குறைந்தால் பால் குறையும். அவர்களுடைய வழிபாடு முழுதும் பாலைச் சுற்றியே அமைந்தது. ஒரு தாவரக் கூட்டம் குலைந்தால் ஒரு மக்களின் இறைவழிபாடே குலையும் என்பதை நீலகிரியில் கண்ணால் பார்க்கலாம். இதை எந்த இழப்பீட்டு நிதியும் ஈடுசெய்யாது.

இயற்கைத் தாவரம் இருந்தால் எல்லா ஆபத்தும் விலகிவிடும் என்று நான் எழுதமாட்டேன். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. வெட்டித் திருத்திய சரிவுகளும், நீர்வழியை மறித்துக் கட்டிய வீடுகளும் அந்தச் சாவுகளுக்கு முக்கியக் காரணங்கள். ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது, மனிதக் கை படாத புல்வெளியும் சோலையும்கூடச் சில இடங்களில் வழுக்கி இறங்கின. அத்தனை மழையை எந்த வேரும் பிடித்து நிறுத்திவிட முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால், அடுத்த பெருமழையில் ஒரு சோலை சரிந்ததும் இயற்கையைப் பேணும் வாதமே சரிந்துவிட்டதாக யாராவது எழுதிவிடுவார்கள். மலை நமக்குச் செய்வது சாதாரண ஆண்டுகளின் வேலை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் அந்த வேலையைத்தான் நாம் குலைத்திருக்கிறோம்.

தென்னாப்பிரிக்கா இதே சீகை மரத்தால் இதே பாட்டைப் பட்டது. அங்கேயும் மலைப் புல்வெளிகளில் பட்டைக்காகவும் மரத்துக்காகவும் நட்டது ஓடைக் கரைகளில் பரவி நீர்வரத்தைக் குறைத்தது. அந்நாட்டு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக ஓடைகளை அளந்து வைத்திருந்தார்கள். நிறவெறி ஆட்சி முடிந்து ஓராண்டில், 1995-இல், புதிய அரசு ‘தண்ணீருக்காக உழைப்போம்’ என்ற பொருள்பட ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது. வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அயல் மரங்களை அகற்றும் திட்டம் அது. நீர்வளத் துறை அதை முன்னின்று நடத்தியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தாவரத்தை மாற்றுவது அணை கட்டுவதைப் போலவே நீர்ப் பணிதான் என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டது. நம்மிடமும் அளவுகள் இருந்தன. கிளென்மார்கன் முடிவுகள் 1988-லும் 1998-லும் சர்வதேச ஆய்விதழ்களில் அச்சாகிவிட்டன. நம் நீர் நிர்வாகத்தின் பேச்சில் அவை இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

அகற்றுவது எளிதல்ல. சீகையை வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்க்கும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும், அல்லது தீ ஓடியதும், ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். ஒரு தோப்பை வெட்டி மரத்தை ஏலம்விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், சில ஆண்டுகளில் முன்பைவிட நெருக்கமான சீகைக் காட்டைத்தான் பார்ப்போம். மேலும், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்துவருவதைக் கொடைக்கானலின் வட்டக்கானலில் வாழ்ந்த ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பல்கார் இணையர் பல ஆண்டுகள் கவனித்துக் காட்டினார்கள். நாற்றங்கால் வைத்துச் சோலை இனங்களையும் மலைப் புற்களையும் வளர்த்தவர்கள் அவர்கள். அப்படிச் சோலை உள்ளே எழுந்துவரும் தோப்பை மொத்தமாக வெட்டுவது, வருகிற காட்டைக் கருவிலேயே கொல்வதாகும். புல்வெளியின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்போதுதான் தலைதூக்கும் இளஞ்சீகைக்கு நேர் எதிரான மருந்து வேண்டும்: உடனே, வேரோடு, ஆண்டுதோறும்.

ஆகவே முதலில் பணம் போக வேண்டிய இடம், இன்னும் புல்வெளியாகவே எஞ்சியிருக்கும் நிலங்களின் விளிம்பு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றியும், பழனிமலையின் உள்பகுதியிலும் எஞ்சிய துண்டுகள் அவை. வரையாடு மேய்வதும் அங்கேதான். கையால் பிடுங்கக்கூடிய அளவில் நிற்கும் சீகைக் கன்றை அங்கே அகற்றுவதற்கு ஆகும் கூலி, முற்றிய தோப்பை அழித்துப் புல்லை மீட்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான். ஆனால் தோப்பை வெட்டினால் மரம் விலைபோகும். கன்றைப் பிடுங்கினால் வருமானம் எதுவும் இல்லை. திட்டங்கள் பெரும்பாலும் தோப்பின் பக்கமே சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அயல் தாவரங்களை அகற்றி இயற்கை நிலங்களை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். அதன் வெற்றியை எத்தனை டன் மரம் வெளியேறியது என்று எடைபோடாமல், ஐந்தாம் ஆண்டில் அந்த இடத்தில் எத்தனை புல் இனம் நிற்கிறது, ஓடையில் பிப்ரவரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்க வேண்டும்.

அளப்பதற்கான வழி கிளென்மார்கனிலேயே தெரிந்துவிட்டது. அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கு வந்து சேரும் சிறு ஓடைகளில் சிலவற்றைத் தேர்ந்து, சீகை அகற்றியவற்றையும் அகற்றாதவற்றையும் இணை இணையாக அளந்து, அந்த எண்களை அணை மட்டத்தோடு சேர்த்து வெளியிட்டால் போதும். கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயிகள் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று பல ஆண்டுகள் போராடியவர்கள். ஒரு கன அடி தண்ணீரின் மதிப்பு அவர்களுக்கு மனப்பாடம். மலைப் புல்லை மீட்கும் திட்டக் குழுக்களில் இன்று வனத்துறையினரும் தாவரவியலாளர்களும் அமர்கிறார்கள். அந்த மேசையில் கோபி, பவானி, காங்கேயம் பாசன சங்கங்களுக்கு நாற்காலி வேண்டும். பவானி நீரைக் குடிக்கும் இரண்டு மாநகராட்சிகளுக்கும் வேண்டும். மந்துகளின் மூப்பர்களுக்கு எல்லாருக்கும் முன்னதாக வேண்டும். குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு சீகைக் கன்று பிடுங்கும் கூலியாக மலைக்கே திரும்பிப் போகலாம்.